கல்யாண மண்டபத்தில் காது மிஷின் ஏன் கைவிடுகிறது?

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது. அப்பாவுக்கு 68 வயது. இரண்டு காதிலும் ஹியரிங் எய்ட் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் டிவி, போன், பேரன் பேச்சு எல்லாம் நன்றாகக் கேட்கிறது. கல்யாணம், ஹோட்டல் என்று போனால் மட்டும் "ஒரே இரைச்சல், ஒண்ணும் புரியல" என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறார். ஏஐ வைத்த புது மாடல் சத்தத்திலிருந்து பேச்சைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கும் என்று கடையில் சொல்கிறார்களாம், விலை இப்போதிருப்பதைப்போல மூன்று மடங்கு. வாங்கலாமா? மாடலைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். ஆனால் அதற்கு முன்னால் தெரியவேண்டியது, கூட்டத்தில் புரியாமல் போவது மிஷினின் குறையா, மிஷினைப் பொருத்தியதில் உள்ள குறையா, இல்லை காதின் குறையா என்பது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நான் ஆடியாலஜிஸ்ட், கேட்புத் திறனைச் சோதித்து மிஷின் பொருத்துகிறவர். வருகிறவர்களில் பெரும்பாலானோர் சொல்லும் புகாரே இதுதான்: கேட்குது, ஆனா புரியல.

முதலில் காது. காக்ளியா என்கிற உட்காதில், ஒரு காதுக்குச் சுமார் 12,000 வெளி மயிர்ச்செல்களும் 3,500 உள் மயிர்ச்செல்களும் இருக்கின்றன. மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் உள் செல்கள். வெளி செல்கள் அவற்றுக்கு உதவியாளர்கள். மெல்லிய ஒலியை உள்ளேயே பெருக்கித் தருவது ஒரு வேலை, பக்கத்துப் பக்கத்து சுருதிகளை ஒன்றோடொன்று குழம்பாமல் கூர்மையாகப் பிரித்துத் தருவது இன்னொரு வேலை. வயதாலும் சத்தத்தாலும் பெரும்பாலும் முதலில் அடிபடுவது இந்த வெளி செல்கள்தான். ஹியரிங் எய்ட் முதல் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது வேலையை இன்றைக்கு வரை எந்த மிஷினும் செய்வதில்லை. வீட்டில் ஒருவர் பேச, மற்றவர் கேட்க, இந்தக் குறை தெரியாது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது எல்லாக் குரலும் ஒன்றாகக் கலங்கி வருவது இதனால்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த ரெய்னியர் பிளாம்ப் 1978இலேயே இதை இரண்டாகப் பிரித்து எழுதினார்: சத்தம் குறைவது ஒரு நஷ்டம், தெளிவு குறைவது இன்னொரு நஷ்டம், ஹியரிங் எய்ட் முதல் நஷ்டத்தைத்தான் ஈடுகட்டுகிறது என்று. அதற்குப் பிறகு மிஷின்கள் எவ்வளவோ மாறிவிட்டன, அந்தக் கணக்கு மாறவில்லை.

ஆகவே வால்யூமைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பேச்சு எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதைவிட, சுற்றியுள்ள இரைச்சலைவிட எத்தனை டெசிபல் மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதுதான் கணக்கு. காது நன்றாக இருப்பவர், இரைச்சல் பேச்சைவிடச் சில டெசிபல் அதிகமாக இருந்தால்கூடப் பாதி வார்த்தைகளைப் பிடித்துவிடுவார். மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும். உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்குப் பேச்சு இரைச்சலைவிடச் சில டெசிபல் மேலே இருந்தால்தான் அதே பாதி கிடைக்கும். கேட்க அற்ப வித்தியாசமாகத் தெரியலாம். ஆனால் வாக்கியங்களை வைத்துச் சோதிக்கும்போது, பாதி புரிகிற அந்த இடத்தில், ஒரு டெசிபல் ஏறினாலோ இறங்கினாலோ ஏறக்குறைய பத்து சதவீதப் புரிதல் ஏறி இறங்கும். மூன்று டெசிபல் என்பது பேச்சில் கலந்துகொள்வதற்கும் தலையை ஆட்டிச் சமாளிப்பதற்கும் உள்ள தூரம். ஆடியோகிராமை, அதாவது எந்தச் சுருதியில் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தை, பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. ஒரே மாதிரி ஆடியோகிராம் உள்ள இரண்டு பேரில் ஒருவர் ஹோட்டலில் சமாளிப்பார், இன்னொருவர் திணறுவார். அதற்குத் தனிச் சோதனை உண்டு: பின்னால் பலர் பேசும் இரைச்சலைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய், முன்னால் சொல்லும் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. உங்கள் அப்பாவுக்கு அது செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால், புது மாடலைப் பற்றிப் பேசுவதற்கு முன் செய்யச் சொல்லுங்கள், தமிழ் வாக்கியங்களை வைத்து.

தமிழில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "பத்து", "பட்டு" இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். உயிரொலிகள் ஒன்றே. வித்தியாசம் முழுவதும் நடுவில் வரும் மெய்யில், நாக்கு ஒட்டிப் பிரியும் அந்தச் சில பத்து மில்லிசெகண்டில் இருக்கிறது. அந்தக் குறிப்பின் பெரும்பகுதி 1,500 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும், அதாவது வயதானவர்களின் கேட்பு சரிய ஆரம்பிக்கும் பகுதியில். "வந்தானா", "வந்தாளா" என்பதில் கதை வேறு. ன, ள இரண்டும் தாழ்ந்த சுருதியில் மெதுவாக வரும் ஒலிகள். அப்பாவின் காதுக்கு எட்டும் பகுதிதான், ஆனால் ஏசியும் ஃபேனும் கூட்டப் பேச்சும் குடியிருப்பதும் அதே பகுதியில். ஒன்றைக் காது தவறவிடுகிறது, இன்னொன்றை இரைச்சல் மூடிவிடுகிறது. யார் வந்தார்கள், எத்தனை பேர், எப்போது என்பதையெல்லாம் தமிழ் சொல்லின் கடைசியில் வைத்துச் சொல்லும், நாம் பேசும்போது அந்தக் கடைசியைத்தான் விழுங்குகிறோம்.

சரி, மிஷின் இதற்கு என்ன செய்கிறது? நம்பகமாக நிரூபிக்கப்பட்ட பழைய உத்தி திசை மைக். ஹியரிங் எய்டின் முதுகில் இரண்டு சிறு துளைகள் தெரியும், இரண்டும் மைக். இடைவெளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு செகண்டில் லட்சத்தில் மூன்று பங்கு நேரம் எடுக்கும். பின்னாலிருந்து வரும் ஒலி பின் துளைக்கு முதலில் வரும், முன்னாலிருந்து வருவது முன் துளைக்கு. அந்தத் துளி நேர வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டு, பின்னாலிருந்து வருவதைக் கழித்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் இதனால் மூன்றிலிருந்து ஐந்து டெசிபல் வரை லாபம் கிடைக்கும். நிஜ வாழ்க்கையில் அதைவிடக் குறைவு, ஏனென்றால் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலிக்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது. கிரானைட் தரையும் உயரமான கூரையும் கொண்ட நம் மண்டபங்கள் இந்த விஷயத்தில் மகா மோசம்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இந்த மைக்குகள், பேசுகிறவர் எதிரே இருப்பார் என்று எண்ணிச் செய்யப்பட்டவை. மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது பொருந்தும். பந்தியில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக உட்காருகிறோம். பேச்சுத் துணை பக்கத்து இலையில் இருக்கிறார், எதிரே இருப்பது சாம்பார் வாளி. திசை மைக் வாளிச் சத்தத்தைக் கவனமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து இலை மாமாவின் குரலைக் குறைத்துவிடும். காரிலும் இதே கதைதான். சில புது மாடல்கள் பேச்சு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தேடித் திரும்பும், ஆனால் பல பக்கமிருந்தும் பேச்சு வரும் இடத்தில் அவையும் தடுமாறும். அதனால் அப்பாவிடம் சொல்லுங்கள்: யார் பேச்சு வேண்டுமோ அவரை நோக்கி முகத்தைத் திருப்ப வேண்டும். உட்காரும்போது கூட்டம் தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, பேசுகிறவர் சுவரோரமாக எதிரே இருக்கும்படி உட்கார வேண்டும். சுவருக்கு முதுகு கொடுத்து உட்காருங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். மைக் திசை பார்க்காத மிஷினுக்கு அது சரி. திசை மைக் உள்ளவருக்கு அது நேர் எதிரானது. மொத்தக் கூட்டமும் அவர் முகத்துக்கு முன்னால் வந்துவிடும்.

அடுத்தது காதுக்குள் போகும் ரப்பர் முனை, டோம். கேள்வியில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பெரும்பாலும் ஓட்டைகள் உள்ள திறந்த டோம்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் போட்ட உடனே சுகமாக இருக்கும், தன் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலிக்காது. ஆனால் அந்த ஓட்டைகள் வழியாக மண்டபத்து இரைச்சல் மிஷினைத் தொடாமலேயே நேராகச் செவிப்பறைக்குப் போகிறது. மிஷின் உள்ளே எவ்வளவு புத்திசாலித்தனமாகச் சுத்தம் செய்தாலும், முக்கியமாக 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, பாதி வேலை வீண். மூன்று லட்ச ரூபாய் மிஷினுக்குத் திறந்த டோம் போட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். தாழ்ந்த சுருதிகளிலும் ஓரளவு கேட்புக் குறை இருப்பவருக்கு மூடிய டோமோ, அளவெடுத்துச் செய்த மோல்டோ கூட்டத்தில் நல்ல வித்தியாசம் தரும். தாழ்ந்த சுருதியில் காது நன்றாக இருப்பவர் மூடினால் தாங்க மாட்டார். அவருக்கு இந்த வழி பாதி அடைபட்டதுதான். உங்கள் அப்பா எந்த ரகம் என்பது ஆடியோகிராமின் இடதுபக்கப் புள்ளிகளைப் பார்த்தால் தெரியும். நீங்கள் அதை அனுப்பவில்லை, அதனால் இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

இப்போது ஏஐக்கு வருவோம். "நாய்ஸ் ரிடக்ஷன்" என்பது ஹியரிங் எய்டில் ரொம்ப நாளாகவே இருக்கிறது. பழைய முறை, ஒலி எந்த அலைவரிசையில் ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக ஓடுகிறது என்று பார்த்து அங்கே வால்யூமைக் குறைக்கும். ஃபேன், ஏசி, பஸ் இன்ஜின் இரைச்சலுக்கு இது சுகம் தரும், களைப்பைக் குறைக்கும். ஆனால் புரியும் வார்த்தைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. இது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. ஏனென்றால் ஒரு அலைவரிசையைக் குறைக்கும்போது அதிலிருக்கும் பேச்சும் சேர்ந்து குறைகிறது, விகிதம் அப்படியே நிற்கிறது.

ஏஐ மாடல்களில் வரும் ஆழ்கற்றல் (டீப் லேர்னிங்) முறை இதிலிருந்து உண்மையிலேயே வேறு. ஒலியை நேரமும் சுருதியுமாகச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் பேச்சு எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்று மதிப்பிட்டு, இரைச்சல் கட்டங்களை அமுக்கிவிடுகிறது. ஏராளமான பேச்சையும் இரைச்சலையும் கலந்து காட்டிக் காட்டி, நரம்பு வலையமைப்பு (நியூரல் நெட்வொர்க்) என்கிற கணினி நிரலுக்கு இதைப் பழக்குகிறார்கள். அமெரிக்காவின் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஹீலியும் டெலியாங் வாங்கும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வுதான் இதில் திருப்பம். ஒரே ஒரு மைக்கில் வந்த ஒலியைக் கணினி சுத்தம் செய்து கொடுத்ததில், கேட்புக் குறை உள்ளவர்களுக்குப் புரிதல் பெரிதாகக் கூடியது. அதுவரை இதை யாராலும் காட்ட முடியவில்லை. பழக்கிய இரைச்சலையே சோதனைக்கும் வைத்தார்கள் என்ற நியாயமான குறை அதன்மேல் வந்தது. 2016இல் 10,000 வகை இரைச்சல்களை வைத்துப் பழக்கி, முன்பின் கேளாத இரைச்சலிலும் பலன் இருப்பதை அதே குழு காட்டியது. அப்போதெல்லாம் இது பெரிய கணினியில் ஓடியது. காதுக்குப் பின்னால் உட்காரும் பொருளில் சிப்புக்கும் பேட்டரிக்கும் இடம் கிடையாது, நேரமும் கிடையாது. ஒலி உள்ளே போய் வெளியே வர ஏறக்குறைய பத்து மில்லிசெகண்டுக்கு மேல் ஆனால் தன் குரலே எதிரொலிப்பதுபோல் தொந்தரவு செய்யும், அதற்குள் எல்லாக் கணக்கும் முடிய வேண்டும். ஓடிகான் 2021 வாக்கில் இந்த வகை வலையமைப்பை ஹியரிங் எய்டுக்குள் கொண்டுவந்தது. ஃபோனாக் 2024இல் இதற்கென்றே தனிச் சிப் வைத்த மாடலை விட்டது. மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்துவிட்டன.

ஆகவே "ஏஐ எல்லாம் விளம்பரம்" என்று நான் சொல்லமாட்டேன். இருபது வருடத்தில் வந்த மாற்றங்களில் இது பெரியது என்பது என் கருத்து. ஆனால் பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம். சில மாடல்களில் ஏஐ என்பது, நீங்கள் ஹோட்டலில் இருக்கிறீர்களா காரில் இருக்கிறீர்களா என்று கண்டுபிடித்து அமைப்பை மாற்றுவது மட்டுமே. அது பேச்சைப் பிரிப்பதல்ல. "பேச்சையும் இரைச்சலையும் பிரிக்கும் வலையமைப்பு நேரடியாக ஒலியின் மேல் ஓடுகிறதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்கிறவர் தடுமாறினால் தெரிந்துவிடும். கம்பெனி சொல்லும் டெசிபல் கணக்கு, அவர்களே தேர்ந்தெடுத்த அறையில், மூடிய டோமோடு அளந்ததாக இருக்கலாம். அப்புறம், அடிப்படையான ஒரு வரம்பு இருக்கிறது. வாளிச் சத்தத்தையும் மேளத்தையும் பேச்சிலிருந்து பிரிப்பது ஒரு வேலை. பத்து பேர் பேசும்போது அப்பாவுக்கு வேண்டியது சித்தப்பாவின் பேச்சா, பின் வரிசையில் சொத்து விவகாரம் பேசுகிறவர்களின் பேச்சா என்பது மிஷினுக்குத் தெரியாது. அது அவர் மனதில் இருக்கிறது. எல்லாமே பேச்சு என்பதால் எல்லாவற்றையும் கொடுக்கும், அல்லது எதிரே இருப்பதை மட்டும் கொடுக்கும். மூளை அலைகளைப் படித்து யாரைக் கவனிக்கிறார் என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி நடக்கிறது, கடைக்கு வரும் நிலையில் இல்லை. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பேச வேண்டும் என்றால், காது நன்றாக இருக்கும் நமக்கே முடியாது. அங்கே மிஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த டெசிபல்களையெல்லாம் மலிவாக வாங்கும் வழி ஒன்று இருக்கிறது, கடையில் அதை அழுத்திச் சொல்லமாட்டார்கள். தூரத்தைக் குறைப்பது. தடையில்லாத இடத்தில் தூரம் பாதியானால் ஒலி ஆறு டெசிபல் ஏறும். இரண்டு மீட்டர் தள்ளிப் பேசுகிறவர் ஒரு மீட்டருக்கு வந்தாலே, திசை மைக் ஆய்வுக்கூடத்தில் கொடுப்பதைவிட அதிகம் கிடைத்துவிடுகிறது. பேசுகிறவரின் சட்டையில், வாயிலிருந்து ஒரு சாண் கீழே, ஒரு சிறு வயர்லெஸ் மைக்கைக் குத்திவிட்டால், இரண்டு மீட்டர் இருபது சென்டிமீட்டர் ஆகிறது. நேராக வரும் ஒலியில் இருபது டெசிபல். எதிரொலிக்கும் மண்டபத்திலும் இந்தக் கணக்கு பெரிதாகக் கெடாது, ஏனென்றால் மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பார்ட்னர் மைக், ரிமோட் மைக் என்று கேட்டால் கொடுப்பார்கள். உங்கள் அப்பாவிடம் இருக்கும் மாடலுக்கே பொருந்துவது இருக்கலாம், புது ஜோடியின் விலையில் சிறு பங்குதான் ஆகும். இதன் குறை, ஒருவர் குரல்தான் வரும். மேஜை நடுவில் வைத்தால் பலர் குரல் வரும், ஆனால் லாபம் குறைந்துவிடும். இன்னொரு குறை, நம் ஆட்களுக்கு இருக்கும் கூச்சம். "மைக்கைக் குத்திக்கோங்க" என்று சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது என்பார்கள். அம்மா குத்திக்கொண்டால் போதும், பக்கத்திலிருந்து நடப்பதை எடுத்துச் சொல்ல.

பணம் கட்டுவதற்கு முன் இப்போதிருக்கும் மிஷினையே ஒருமுறை சரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். நம் வெயிலில், வியர்வையும் தேங்காய் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அந்த இரண்டு மைக் துளைகளில் ஒன்றை அடைத்துவிடும். ஒன்று அடைத்தாலும் வீட்டில் பேச்சு கேட்டுக்கொண்டே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் திசை மைக் என்பது அந்த நிமிடத்திலிருந்து செத்துப்போச்சு. அடுத்து, செவிக்குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, செவிப்பறைப் பக்கத்தில் உண்மையில் எவ்வளவு ஒலி போகிறது என்று அளப்பார்கள். ரியல் இயர் அளவீடு என்று பெயர். மென்பொருள் தானாகப் போடும் முதல் அமைப்பு, பலருக்கும் உயர் சுருதிகளில் தேவையைவிடக் குறைவாகவே கொடுக்கிறது, அதாவது "பத்து"க்கும் "பட்டு"க்கும் வித்தியாசம் காட்டும் இடத்தில். இந்தக் கருவி எல்லா ஊரிலும் இல்லை. பெரிய ஊருக்குப் போகும் செலவு வீண் போகாது. சேனல், அதாவது மிஷின் ஒலியைச் சுருதிவாரியாகப் பிரித்துக் கையாளும் பகுதிகள், இவற்றின் எண்ணிக்கையைக் காட்டி விலை சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஓரளவுக்கு மேல் சேனல் கூடுவதால் புரிதல் கூடுவதில்லை.

நிச்சயமில்லாத விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சத்தத்தால் மயிர்ச்செல்கள் சாகாமலே அவற்றுக்கும் நரம்புக்கும் இடையிலுள்ள இணைப்புகள் அறுந்துபோவதை, ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் 2009இல் எலிகளில் காட்டினார்கள். ஆடியோகிராம் நன்றாக இருந்தும் கூட்டத்தில் திணறுகிறவர்களுக்கு இதுதான் காரணமா என்பது மனிதர்களில் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. சுற்றுச் சத்தத்துக்கு ஏற்ப மிஷின் ஒலியை வேகமாக ஏற்றி இறக்குவது நல்லதா, மெதுவாகச் செய்வது நல்லதா என்பதிலும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. வயதானவர்களில் சிலர் மெதுவான அமைப்பில் கூடுதலாகப் பிடிக்கிறார்கள், போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

என் யோசனை: முதலில் துளைகளைச் சுத்தம் செய்து, டோமை மாற்றிப் பார்த்து, அளந்து திருத்தச் சொல்லுங்கள். அப்பா அதை வீட்டிலும் நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு மட்டும் போடுகிறவருக்கு எந்த மிஷினும் இரைச்சலாகத்தான் இருக்கும். பிறகு ரிமோட் மைக். இவற்றுக்குப் பின்னும் குறை இருந்து, பணமும் இருந்தால், ஏஐ மாடலை ட்ரையலுக்குக் கேளுங்கள். ஏசி போட்ட அமைதியான கிளினிக் அறையில் அல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நெரிசலான ஹோட்டலில், மூடிய டோமோடு, பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ட்ரையல் கொடுக்காத கடையில் வாங்க வேண்டாம். இரண்டு காதுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, அமைதியான அறையில் மிஷின் போட்டும் பாதி வார்த்தைகூடப் பிடிபடவில்லை என்றாலோ, மாடல் தேடுவதை நிறுத்திவிட்டு ஈஎன்டி மருத்துவரிடம் போங்கள். அது வேறு நோயாக இருக்கலாம், அல்லது காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து உட்காதில் பொருத்தி, நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி) பற்றிப் பேசவேண்டிய கட்டமாக இருக்கலாம்.